ஏனையோர்

ஸ்காபரோ, ரொறொன்ரோ
18.02.1996

அன்புத் தங்கச்சி ஜோசப்பினுக்கு,

நீயும் மகள் கிறிஸ்ரினாவும் உயிரோடு அடம்பனுக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு இறங்கியது. உன் மச்சாள் வேரோனிக்கா மூன்று மாதமாக மெழுகுதிரி கொளுத்தியே ஒரு பெட்டியை முடித்துவிட்டாள். நாங்கள் மூவரும் சுகம். பனிதான் கொல்கிறது.

சனமெல்லாம் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணமே வெறுமையான போன ஒக்டோபரில் உன்னை எங்கே போகச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். வின்சன்ற்தான் அடம்பனில் இருக்கிற தன் தகப்பனுக்கு ஆள் அனுப்பி, "அகஸ்ரின் அண்ணையின்ர தங்கச்சிக்கு வீட்டை விட்டுக் குடுங்கோ" என்று சொல்வித்தான். எண்பத்தேழில் இங்கே பார்க்டேலில் ஒரே அறையில் ஒன்பது பேர் கிடந்தபோது எனக்குச் சமைத்துப் போட்டவனும், முதல் வேலை எடுத்துத் தந்தவனும் அவன்தான். அவன் தகப்பன் அமிர்தநாதனும் எங்கள் ஊரில் இருந்த காலத்திலிருந்தே நல்ல மனிதன். ஒரு குறையும் விடமாட்டான்.

இங்கே ஊர்ச்சனம் பெருகிவிட்டது. அந்தோனியார் திருவிழாவை ஒழுங்காகக் கொண்டாட ஒரு சங்கம் தொடங்குகிறோம். என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு உதவி. மகள் ஷரோன் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கச் சரித்திரம் எடுக்கிறாள். அந்த நாட்டில் காலத்துக்குக் காலம் செய்துகொண்ட சமரசங்கள் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். என்னிடம் கேட்டாள், நான் முழித்தேன். பன்னிரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்த மாமி இருக்கும்போது நான் ஏன் முழிக்க வேண்டும்? ஞாபகத்தில் உள்ளதை எழுது.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
அகஸ்ரின்

-

அடம்பன், மன்னார்
02.04.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் சுவாமியார் ஒருவரின் பையில் ஆறு கிழமை பயணம் செய்து வந்தது. நானும் கிறிஸ்ரினாவும் சுகம் என்றே எழுதலாம். மச்சாளுக்கும் ஷரோனுக்கும் என் அன்பு.

அமிர்தநாதர் ஐயா தான் படுத்த அறையை எங்களுக்குத் தந்துவிட்டு முற்றத்துக் கொட்டில் மாலுக்குப் படுக்கப் போய்விட்டார். "ஐயா" என்று எழுதுகிறேன், நீங்களும் இனி அப்படி எழுதுங்கள். ஊரில் அப்பா அவரை "அமிர்தன்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும், அவர் எங்கள் முற்றத்தில் நின்றபடியே பதில் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அவர் வீட்டுக் கிணற்றில்தான் நான் குளிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா.

அவருடைய கண்ணாடி போன வருடம் உடைந்துவிட்டது. ஆகவே வின்சன்றின் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் வேலை. ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று தரம் வாசிப்பிப்பார்.

ஷரோனுக்கு எழுதுகிறேன். கையில் புத்தகம் இல்லை. 1787இல் நாட்டின் அடிப்படைச் சட்டமான அரசியல் யாப்பை எழுதக் கூடினார்கள். ஆட்களை எண்ணி அந்தக் கணக்கில் மாநிலங்களுக்குச் சபையில் இடம் கொடுப்பது என்று முடிவு. தெற்கு மாநிலங்கள் தங்கள் அடிமைகளையும் எண்ணச் சொன்னன. வாக்குக் கொடுக்க அல்ல, எண்ணிக்கையைக் கூட்ட மட்டும். வடக்கு மறுத்தது. சபை உடையப் போகிறது என்ற பயத்தில் ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணுவோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. ஷரோன் இதை முதலில் எழுதட்டும்.

உங்கள் தங்கை,
ஜோசப்பின்

-

ஸ்காபரோ
25.05.1996

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம், உன் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்ட ஷரோன் துள்ளிக் குதித்தாள். கட்டுரையின் முதல் பாகத்துக்கு நல்ல புள்ளி.

அவளுக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. அடிமை என்ற சொல்லே அந்த யாப்பில் இல்லையாமே? பிறகு எப்படி எழுதினார்கள்? பின்னால் வந்தவர்கள் அதை உடனே மாற்றிவிடாமல் ஏதாவது வழி வைத்தார்களா? கொஞ்சம் விளக்கமாக எழுது. அவர்கள் பாவித்த வார்த்தைகள் நினைவில் இருந்தால் அதையும் எழுது.

சங்கத்தில் சின்னச் சின்ன இழுபறி. பழைய குடும்பங்கள் ஒரு பக்கம், இளம் பொடியள் மறு பக்கம். இரண்டு பகுதியும் பிரிந்து இரண்டு திருவிழா வைக்கப் போகிறோம் என்று நிற்கிறார்கள். பிக்கரிங்கில் ஒரு வீட்டில் கூடிக் கூடிக் கதைக்கிறோம். போன சனிக்கிழமை தேத்தண்ணி மட்டும் நாலு தரம் வந்தது, முடிவு வரவில்லை. செயலாளர் என்றால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம்தான். இதை நீ பெரிதாக எடுக்காதே.

அண்ணன்,
அகஸ்ரின்

-

அடம்பன்
07.07.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கே சுகம் இல்லை. கிறிஸ்ரினாவுக்கு மலேரியா வந்து ஒன்பது நாள் நெருப்பாய்க் காய்ந்தாள். மருந்து அடம்பனில் இல்லை. அமிர்தநாதர் ஐயா அவளைச் சைக்கிளில் தன் முதுகோடு சேர்த்துச் சீலையால் கட்டி மடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அறுபத்தாறு வயது அவருக்கு. நான் பின்னால் ஓடினேன். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

ஷரோன் நன்றாகக் கேட்டிருக்கிறாள். ஓம், அந்தச் சொல்லை எழுதாமலே எழுதினார்கள். வெட்கம் இருந்தபடியால்தான் எழுதவில்லை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். சுதந்திரமானவர்களை எண்ணிவிட்டு "ஏனையோர்" என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். யார் அந்த ஏனையோர் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாற்றாமல் இருக்கவும் வழி வைத்தார்கள். அடிமைகளைக் கொண்டுவருவதை இருபது வருடத்துக்குத் தடுக்கக் கூடாது, அந்த இருபது வருடத்துக்குள் அந்தப் பகுதியைத் திருத்தவும் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள்.

பிறகு நடந்ததையும் அவள் எழுத வேண்டும். 1820இல் வரைபடத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் அடிமை, அந்தப் பக்கம் இல்லை என்றார்கள். 1850இல் ஒற்றுமைக்காக என்று சொல்லி, தப்பி ஓடியவர்களைப் பிடித்துக் கொடுக்க வடக்கும் சம்மதித்தது. அப்போது எல்லை தாண்டி ஓடியவர்கள் பலர் உங்கள் ரொறொன்ரோவுக்கும் வந்தார்கள். கடைசியில் ஆறு லட்சம் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் 1877இல் ஒரு தேர்தல் இழுபறியைத் தீர்க்க, விடுதலையானவர்களைத் திரும்பக் கைவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரிய மனிதர்கள், நல்ல மனிதர்கள்தான் செய்தார்கள் அண்ணா. அதுதான் எனக்குப் படிப்பிக்கும்போது பயமாக இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். திருவிழாவில் வின்சன்ற் அந்தோனியாரின் சொரூபம் தூக்கினானா? ஊரில் அவர்களைச் சொரூபத்துக்குக் கிட்ட விட்டதே இல்லை. "கனடாவிலை என்ர பெடியன் தோள் குடுத்திருப்பான், என்ன பிள்ளை?" என்று ஐயா தினமும் கேட்கிறார். ஒரு படமும் அனுப்புங்கள், கண் மங்கலாக இருந்தாலும் கையில் வைத்துப் பார்ப்பார்.

அன்புடன்,
ஜோசப்பின்

-

ஸ்காபரோ
30.08.1996

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை சுகமானது கேட்டு வேரோனிக்கா அழுதே விட்டாள். மலேரியாக் குளிசையும் பிள்ளைக்கு இரண்டு சட்டையும் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

திருவிழா நல்லபடி முடிந்தது. நானூறு பேருக்கு மேல். வெயிலும் நன்றாக எறித்தது. போன கிழமைக் கூட்டத்தில் சங்கத்தின் யாப்பும் நிறைவேறிவிட்டது. பிரிவினை இல்லை, எல்லோரும் ஒற்றுமை. ஷரோனுக்கு வகுப்பில் முதல் புள்ளி.

படங்கள் இன்னும் கழுவி வரவில்லை. வேலை அதிகம், இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணன்

-

அடம்பன்
15.11.1996

அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

வின்சன்றின் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கம். கூடவே உங்கள் சங்க யாப்பின் பிரதி. ஐயா வாசலில் கதிரை போட்டு இருந்தார், அவருடைய தம்பியின் மருமகள் செலீனும் கேட்க வந்திருந்தாள். நான் முதல் பக்கத்தை உரத்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

ஏழாம் விதியை இங்கே அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருந்தால் உதவும். "சொரூபம் தாங்கும் உரிமையும் நிர்வாகப் பதவிகளும் ஊர்க் கோயிலில் வழிவழியாகத் திருவிழா முறை செய்துவந்த குடும்பங்களுக்கு உரியன. ஏனையோர் அங்கத்தவர் தொகையில் எண்ணப்படுவர். இவ்விதி இருபது ஆண்டுகளுக்குத் திருத்தப்படலாகாது."

இது என் கடிதம் அண்ணா. மலேரியாவில் கிடந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, கொப்பித் தாளில் நான் எழுதிய கடிதம். ஷரோன் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்டீர்கள். அந்த மனிதர்கள் செய்த தப்பைச் சொன்னேன், நீங்கள் அதைச் செய்முறையாக எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் எழுத வெட்கப்பட்ட சொல்லை நான் எழுதுகிறேன். சாதி. வின்சன்ற் சமைத்ததைச் சாப்பிடலாம், அவன் தகப்பன் வீட்டில் உங்கள் தங்கை படுக்கலாம், அவன் தோள் மட்டும் சொரூபத்தில் படக் கூடாது.

உங்களைவிட நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் மூன்றாம் பக்கங்களை நான் வாசிக்கவில்லை. நாலாம் பக்கத்துக்குத் தாண்டி, "எல்லோரும் சுகம், தந்தைக்கு முத்தங்கள்" என்று முடித்தேன். "அவ்வளவுதானோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் ஐயா, அவ்வளவுதான்" என்றேன். எனக்கும் பிள்ளைக்கும் போக வேறு இடம் இல்லை.

அந்த விதியை எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதற்கு முதல் எழுத வேண்டாம்.

ஜோசப்பின்

-

ஸ்காபரோ
20.12.1996

என் தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். நத்தார்ப் பண்டிகை நெருங்குகிறது, உங்கள் இருவருக்கும் ஆண்டவருடைய சமாதானம் கிடைக்கட்டும்.

நீ அந்தப் பிக்கரிங் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பழைய குடும்பங்கள் எழுபது. அவர்கள் போனால் சங்கமே இல்லை. அவர்கள் கேட்டது வின்சன்றின் ஆட்களை அங்கத்தவராகவே சேர்க்கக் கூடாது என்று. நான்தான் வாதாடி, சேர்ப்பது என்று ஆக்கினேன். அதற்கு விலையாக இதைக் கொடுத்தேன். இருபது வருடத்தில் எங்கள் பிள்ளைகள் இதை நினைத்தும் பார்க்க மாட்டார்கள், தானாகவே ஒழிந்துவிடும். வின்சன்றை அன்றைக்குக் கூப்பிடாதது பிழைதான். கூப்பிட்டால் அவன் முகத்தைப் பார்த்து என்னால் எழுத முடியாமல் போயிருக்கும்.

யாப்பை என்னவென்று ஷரோன் கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று நம்பிச் சாடைமாடையாகச் சொன்னேன். இருபது வருடம் என்றதுமே, "அப்பா, இது என்ர எஸ்ஸே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட இருப்பதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ செய்தது சரி. உன்னைக் கொழும்புக்கு எடுக்கும்வரை அமிர்தநாதர் ஐயாவுக்குத் தெரியவே கூடாது. உன்னுடைய நிலையை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்

-

அடம்பன்
26.01.1997

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை, மன்னியுங்கள். சுவாமியார் நாளைக் காலை மன்னாருக்குப் போகிறார்.

பொங்கலுக்கு முதல் கிழமை ஒரு கண் வைத்தியர் வந்தார். ஐயாவுக்குக் கண்ணாடி கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே போய் இருந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தாளாக வாசித்தார். பின்னேரம் வரை எழும்பவில்லை.

மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலப் பிள்ளைக்கு வாழைப்பழம் கொண்டு வந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீ மறைச்சது என்ர மனம் நோகாமலோ, உனக்கு வீடு போகாமலோ?" என்று கேட்டார். "எனக்கு வீடு போகாமல், ஐயா" என்றேன். ஏழாம் விதியின் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிட்டேன். "வீடு உன்ர வீடுதான். ஆனால் கடிதத்தை என்ர தம்பியின்ர பெடியளும் கொண்டுபோய் வாசிச்சிட்டாங்கள். அவங்கள் என்னைப்போல இல்லை" என்றார்.

அன்றிலிருந்து செலீனைத் தவிர ஒருவரும் இந்தப் படலையைத் திறப்பதில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. தம்பியின் மூத்த மகனிடம்தான் உழவு இயந்திரம் இருக்கிறது. படை இந்தப் பக்கம் வரப் போகிறது என்று எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். வந்தால் அந்த ஒரு இயந்திரத்தில்தான் நாங்கள் எல்லோரும் போக வேண்டும். கிறிஸ்ரினா இன்னும் கால் மைல்கூட நடக்கத் தெம்பில்லாத பிள்ளை.

அந்த விதியை எடுத்துவிட்டோம் என்று ஒரு தாள், சங்கத்தின் முத்திரையோடு அனுப்புங்கள். அந்தப் பெடியளிடம் காட்ட எனக்கு ஒரு தாள் வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா.

ஜோசப்பின்

-

ஸ்காபரோ
02.03.1997

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிறதோ தெரியாது. படை மன்னார்ப் பக்கம் இறங்கிவிட்டது என்று வானொலியில் சொல்கிறார்கள். பிள்ளையும் நீயும் எப்படியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்த அன்றே கூட்டம் கூட்டினேன். ஏழாம் விதியை நீக்க வேண்டும் என்று எழும்பி நின்று சொன்னேன். தலைவர் யாப்பைத் திறந்து என்னிடமே தந்தார். "செயலாளர், நீங்கள் எழுதினதுதானே? ரெண்டாயிரத்துப் பதினாறு வரைக்கும் ஒருத்தரும் தொடேலாது" என்றார். சிலர் சிரித்தார்கள். பதவியை விட்டு விலகி வந்துவிட்டேன். முத்திரையும் அவர்களிடமே போய்விட்டது.

நேரே பார்க்டேலுக்குப் போனேன். வின்சன்ற் கதவைத் திறந்தான், உள்ளே வரச் சொன்னான், தேத்தண்ணி தந்தான். அவன் கையால் பத்து வருடம் குடித்த தேத்தண்ணி அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை. தகப்பனுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டேன். "யாப்பை அனுப்பின அடுத்த நாளே நான் எழுதிப்போட்டன், அண்ணை. அக்காவிலை ஒரு பிழையும் இல்லை, அவவைப் பாருங்கோ எண்டு. போய்ச் சேர்ந்துதோ தெரியாது" என்றான். நான் அழுதேன். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்படியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்

-

வெள்ளாங்குளம்
19.04.1997

மதிப்புக்குரிய அகஸ்ரின் தம்பிக்கு,

அந்தோனியார் காவலில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளையைச் சொல்கிறேன். கிறிஸ்ரினா என்னோடு இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, இரண்டு நேரம் சாப்பிடுகிறாள்.

பெப்ரவரி மாதம் செல் குண்டு கிட்ட விழத் தொடங்க நாங்கள் வெளிக்கிட்டோம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும். தம்பியின் மூத்த மகன், "எங்களைச் சொரூபத்துக்குக் கிட்ட விடாதவையை நாங்கள் ஏன் பெட்டியிலை ஏத்த வேணும்?" என்று கேட்டான். அவனுடைய பெண்சாதி செலீன், இரண்டு பேரும் ஏறாவிட்டால் தானும் பிள்ளைகளும் இறங்குவோம் என்று நின்றாள். இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சனம் அந்த முற்றத்திலேயே இரண்டாகப் பிரியப் போகிறது என்று பயந்தேன். நடுவில் ஒரு வழியை நான்தான் சொன்னேன். பிள்ளை ஏறட்டும், தாய் நடந்து வரட்டும் என்றேன். எல்லோரும் சம்மதித்தார்கள். உங்கள் தங்கையை அந்தக் கதைக்கு நாங்கள் கூப்பிடவில்லை. அவர் கிணற்றடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓம் ஐயா, பிள்ளை ஏறினால் போதும்" என்றார். பிள்ளையின் தலையை இழுத்துக் கட்டிவிட்டு, மடுவுக்கு நடந்து போன சனத்தோடு போனார். நாங்களும் மடுவுக்கென்றுதான் வெளிக்கிட்டோம், ஆனால் இயந்திரம் போக வடக்குப் பாதைதான் திறந்திருந்தது. அன்று மத்தியானம் மடுப் பாதையில் செல் விழுந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். மூன்று தரம் சைக்கிளில் மடுவுக்குப் போய்வந்தேன். அங்குள்ள அகதி முகாம் பதிவில் அவர் பெயர் இல்லை. கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

என் மகன் எழுதின கடிதம் மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தது.

உங்களைக் கோபிப்பதற்கென்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத எழுத அது என்னால் முடியவில்லை. எங்கள் சனம் பிரியவில்லை தம்பி. ஐந்து குடும்பமும் ஒரே வளவில் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம். தாய் எப்போது வருவா என்று பிள்ளை கேட்கும்போது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நாளைக்குத் திரும்பவும் மடுவுக்குப் போகிறேன். கேட்கிற இடமெல்லாம் படம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், எங்களிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் தங்கையின் படம் இருந்தால் கெதியாக அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சூ. அமிர்தநாதர்